வெள்ளிக்கிழமை நிறை

முனவ்வறாவை அவளுடைய வாப்பா நூஹு ஸகீனா இல்லத்துக்குக் கூட்டி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. த்ரீவீலரிலிருந்து இறங்கி வாசல்வரை நடக்க முடியாமல் இடையில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நஸீறா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். நடு வெயிலில் வந்த பிள்ளையின் கை குளிர்ந்து கிடந்தது.

"ஆஸ்பத்திரியில காட்டின, ஓதிப் பாத்த, எல்லாம் செஞ்சி முடிஞ்சி," என்றார் நூஹு. "ஒரு நோயும் இல்லயாம். சோறு மட்டும் இறங்குதில்ல. நான் கடலுக்குப் போற மனிசன். வீட்டுல வெச்சிப் பாக்க ஆளில்ல, தங்கச்சி."

சுனாமிக்குப் பிறகு, மனம் உடைந்த பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் உதவியோடு மருதமுனையில் தொடங்கப்பட்ட இல்லம் அது. பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் கத்துபவர்கள், பேச்சை விட்டவர்கள். மூன்று பேர் மட்டும் சாப்பாட்டை விட்டவர்கள். முனவ்வறா மூன்றாவது ஆள்.

அவளுடைய வீடு சாய்ந்தமருதில் கடற்கரையிலிருந்து நான்காவது வளவு. அலை வந்த காலையில் நூஹு ஆழ்கடலில் நின்றார். அவருக்குத் தோணி கொஞ்சம் ஏறி இறங்கியதாகத்தான் தெரிந்தது. கரையில் உம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். உம்மாவின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. தம்பி கிடைக்கவேயில்லை. பள்ளிக்கூடத்து முகாமில் சோற்றுப் பார்சல் கொடுக்கும் வரிசையில் நின்றபோது யாரோ ஒரு மனிதர், கடலில் போன மையத்துகளை மீன்கள்தான் தின்றிருக்கும் என்று சொன்னார். அந்தக் காலத்தில் ஊரே மீனைக் கையால் தொடவில்லை. சில மாதங்களில் ஊர் பழையபடி சந்தைக்குப் போனது. முனவ்வறா போகவில்லை. முதலில் மீனை விட்டாள். பிறகு மீன் ஆக்கிய சட்டியில் ஆக்கிய எதையும் விட்டாள். பிறகு சோற்றுக்கு ஊற்றும் ஆணம் முழுவதையும். இரண்டு வருடத்தில் அவளுக்கு மிஞ்சியது பிளேன்டியும் அரை விசுக்கோத்தும்தான்.

நஸீறா அதற்கு முன் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். அந்தக் கட்டடத்தைக் கடல் எடுத்துப் போனது. அவளிடம் படித்தவர்களில் ஒன்பது பிள்ளைகளும் போனார்கள். இல்லத்துக்கு வேலைக்கு வந்த நாளில் அவளுக்கு இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் டொக்டர் குணம். காரைதீவிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வருவார்.

"தின்னு தின்னு எண்டு சொல்லாதீங்க," என்பார். "மெலிஞ்சிட்டாய் எண்டும் சொல்லாதீங்க, கொழுத்திட்டாய் எண்டும் சொல்லாதீங்க. பக்கத்தில இருந்து நீங்களும் சாப்பிடுங்க. முடிஞ்ச பிறகும் அரை மணித்தியாலம் எழும்பாதீங்க. இன்னுமொரு விசயம். கனகாலம் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக் கூடக் குடுத்தா இதயம் தாங்காது. ரத்தத்தில இருக்கிற உப்புச்சத்தெல்லாம் குழம்பிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டவேணும். எவ்வளவு கூட்டுறது எண்டுறத உடம்பு நிறை பாத்துத்தான் நான் சொல்லுவன். அதால வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நிறை எடுக்கிறது மட்டும் தவறக்கூடாது."

நஸீறா தவறவிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பிள்ளைகளையும் நிறை பார்க்கும் மெசினில் ஏற்றி, நீலக் கொப்பியில் கட்டம் கட்டமாக எழுதினாள். மற்ற நேரமெல்லாம் முனவ்வறாவின் அருகில் இருந்து கஞ்சி குடித்தாள். ஒரு கரண்டி. அடுத்த கிழமை இரண்டு கரண்டி. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை தானாகவே வாய் திறந்தாள்.

"ராத்தா, வயிறு வெறுசா இரிக்கிற நேரம் ஒரு சத்தமும் கேக்குதில்ல. சாப்பிட்டாத்தான் கேக்குது."

"என்ன சத்தம் மகள்?"

"தண்ணி வாற சத்தம்."

"கேட்டாச் சொல்லுங்க. நானும் பக்கத்துல இரிக்கன்தானே," என்றாள். அன்றைக்குப் பிறகு முனவ்வறா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்ப்பாள். நஸீறா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் போனதும் மறுபடி கரண்டியை எடுப்பாள். ஒன்றரை வருடத்தில் கஞ்சியிலிருந்து ரொட்டிக்கு வந்தாள். பருப்பாணத்தோடு சோறும் கொஞ்சம் தின்றாள். டொக்டர் கொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்ததோடு எல்லாம் தளர்ந்தது. வடக்கில் யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வவுனியா முகாம்களில் சனம் வந்து நிறைய, டொக்டர் குணத்தை அங்கே அனுப்பினார்கள். போகும்போது போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சாப் பிறகு எடுங்க. நிறை எவ்வளவு எண்டு சொன்னாப் போதும், நான் இருந்த இடத்தில இருந்து சொல்லுவன்," என்றார். நிறுவனத்தின் கண்ணும் வடக்குப் பக்கம் திரும்பியது. இல்லத்தில் வேலை செய்த நால்வரில் இருவரை நிறுத்தினார்கள். மூன்றாவது ஆள் அஸீஸா குவைத்துக்குப் போனாள். பதினான்கு பிள்ளைகளுக்கும் நஸீறா ஒருத்திதான் மிஞ்சினாள். சமையலும் அவள்தான். முனவ்வறாவின் பக்கத்தில் இருந்து சாப்பிட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சோற்றுக் கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. அதைக் கழுவி வைத்தாள்.

பெப்ரவரியில் நிறை மெசினின் முள் அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. இல்லத்தின் பொறுப்பாளர் ஷரிபுதீனிடம் போய்ச் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற அதிபர். தன் மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர். பிள்ளைகளின் பெயர்களை மட்டுமல்ல, அவர்கள் பயப்படும் சாமான்களின் பெயர்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்.

"கொழும்பு ஒபீசுக்கு எழுதுறன்," என்றார். "வரும்வரைக்கும் கண்ணால பாத்து ஒரு மதிப்புப் போடுங்க. கட்டத்த வெறுசா மட்டும் விடாதீங்க. மாசா மாசம் அறிக்கை போகுது. இந்த நேரத்துல வெறும் கட்டத்தக் கண்டாங்களெண்டா, இங்க ஒண்டும் நடக்குதில்ல எண்டு பூட்டிருவாங்க. பூட்டினா இந்தப் புள்ளைகள் எங்க போற?"

நஸீறா மதிப்புப் போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை பழைய எண்ணையே எழுதினாள். அடுத்த கிழமை அதே எண்ணை எழுதக் கூச்சமாக இருந்தது; கொஞ்சம் கூட்டினாள். குறைத்தால் ஏன் குறைந்தது என்று கேள்வி வரும். அதனால் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனாள். ஜும்ஆ முடிந்து போன் எடுத்து அந்த எண்ணைச் சொல்வாள். மறுபக்கத்தில் பிள்ளைகள் அழும் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கும் நடுவில் டொக்டர், "நல்லம், நல்லம். அப்பிடியே போகட்டும்," என்பார். மூன்றாவது ஒழுங்கையில் அரிசிக் கடை இருந்தது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே வாசலிலேயே கிடந்தது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்திருந்தால் போதும். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அது அவளுக்கு நினைவு வரவில்லை.

மே மாதம் பத்தொன்பதாம் திகதி யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்திய சத்தம் இல்லம்வரை கேட்டது. தமிழ் ஊர்களில் கதவுகள் சாத்திக் கிடந்தன. வெடிச் சத்தத்துக்கு இல்லத்துப் பிள்ளைகள் பயந்து கட்டிலுக்கடியில் போனார்கள். ஷரிபுதீன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெளியே எடுத்தார். அன்று பகல் சாப்பாட்டுக்கு முன் முனவ்வறாவின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"மகள், சண்டை முடிஞ்சி. இனி றோட்டெல்லாம் திறந்துருவாங்க. வாற ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலரிந்து ஆக்கள் வாறாங்க. அதுக்கிடையில நீங்க மத்தப் புள்ளைகளப் போல சாப்பிட்டுக் காட்டினீங்களெண்டா, வாப்பாக்கிட்ட ஒரு மாசத்துக்கு அனுப்பி வெக்கிறன். நான் சொன்ன சொல் மாறமாட்டன்."

"மெய்யாவா சேர்?"

"மெய்யா."

அவளுக்கு வீட்டைப் பார்த்து இரண்டு வருடம். அன்று பகல் சோற்றுக் கோப்பையை முழுவதுமாக முடித்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடினாள். நஸீறா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள். பின்னேரம் இரண்டு ரொட்டி. அடுத்த நாள் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து சவன் என்ற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு வந்தது. அதையும் தின்றாள். வியாழக்கிழமை, "இன்னும் ஒரு அகப்பை போடுங்க ராத்தா," என்று அவளே கோப்பையை நீட்டினாள். "இண்டைக்குச் சத்தம் ஒண்டும் கேக்கல்ல," என்றாள். நஸீறாவின் கண் நிறைந்துவிட்டது. சமையலறைக்குள் போய் முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முனவ்வறாவின் முகம் பூரித்திருந்தது. கன்னத்தில் எலும்பு தெரியவில்லை. "சதை வெச்சிட்டா, அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஷரிபுதீன். அவள் மட்டும் காலைத் தடவிக்கொண்டு, "செருப்பு இறுக்குது ராத்தா. படியேறினா மூச்சும் வாங்குது," என்றாள்.

"கனநாளைக்குப் பிறகு திங்கிறீங்கதானே மகள். உடம்பு பழகணும்."

ஜும்ஆ முடிந்து நஸீறா போன் எடுத்தாள். மூன்று தடவைக்குப் பிறகு டொக்டர் குணம் கிடைத்தார். அவருடைய குரல் கரகரத்தது.

"டொக்டர், முனவ்வறா சாப்பிடுறா! மூணு நாளா எல்லாரையும் போல சோறு திங்கிறா."

"எவ்வளவு?"

"முழுக் கோப்பை. கேட்டு வாங்கித் திங்கிறா."

"அவ்வளவு கெதியாவா? நிறை எவ்வளவு இண்டைக்கு?"

மெசின் ஓடுவதில்லை என்று சொல்ல நஸீறா வாயெடுத்தாள். மூன்று மாதமாகச் சொன்ன எண்களெல்லாம் ஒரேயடியாகக் கண்முன்னால் வந்து நின்றன. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஷரிபுதீன் சேர் எழுதச் சொன்னதையும் சொல்ல வேண்டும். பிள்ளை சாப்பிடத் தொடங்கிவிட்டாள். இனி ஏன் அதெல்லாம் என்றும் தோன்றியது. கொப்பியில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னாள்.

"அப்ப மாசியிலிருந்து கூடித்தான் வந்திருக்கு," என்றார் டொக்டர். "அப்பிடியெண்டா உடம்பு தாங்கும். பயமில்ல, குடுங்க."

"முகமும் நல்லாச் சதை வெச்சிரிக்கி டொக்டர்."

"முகமா? மூண்டு நாளிலயா? நஸீறா, காலைப் பாத்தீங்களா? விரலால அமத்தி…"

அங்கே யாரோ அவரைக் கத்திக் கூப்பிட்டார்கள். லைன் அறுந்தது. நஸீறா இரண்டு தடவை திரும்ப எடுத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முனவ்வறா ரொட்டியைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தாள். பிறகு அதை வாயில் வைக்காமல் நஸீறாவைப் பார்த்தாள். சத்தம் கேட்கிறதாக்கும் என்று நஸீறா நினைத்தாள். கையிலிருந்த கேத்தலை வைத்துவிட்டு அவளிடம் நடந்தாள். நான்கு எட்டுத்தான். அவள் போய்ச் சேர்வதற்குள் முனவ்வறா பக்கத்துப் பிள்ளை நஸ்லாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். தூங்குவதைப் போலத்தான் சாய்ந்தாள். ஷரிபுதீன் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு றோட்டுக்கு ஓடினார். த்ரீவீலர் ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது அவள் மௌத்தாகி இருந்தாள்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களில் நஸீறாவும் ஒருத்தி. உடம்பைப் புரட்ட ஆள் வேண்டும் என்று நால்வர் நின்றிருந்தார்கள். நஸீறா ஒருத்தியாலேயே புரட்ட முடிந்தது. கால்கள் மட்டும் உப்பிக் கிடந்தன. தண்ணீர் ஊற்றித் தேய்த்த இடத்தில் விரல் பதிந்து குழியாகவே நின்றது. மேலே, விலாவுக்கும் தோளுக்கும் நடுவில், எல்லா எலும்பையும் எண்ணலாம். மூன்று மாதமாக அவள் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அந்த உடம்பைப் பார்த்த நஸீறாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று பின்னேரம் நஸ்லா அழுதுகொண்டே வந்து சொன்னாள். முனவ்வறா தன் சோற்றை அவளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். பசிக்கிற பிள்ளைகள் தின்றிருக்கிறார்கள்.

மௌத்துச் செய்தி போனதால் ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ஆட்கள் வரவில்லை. டொக்டர் குணம் ஆறாம் நாள் வந்தார். முகாமில் இருந்த உடுப்போடேயே வந்திருந்தார். நஸீறா நீலக் கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல மாசியிலரிந்து உள்ளதெல்லாம் பொய் டொக்டர். மெசின் பழுது. நான்தான் எழுதின."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"ஏன் எழுதினீங்க?" என்றார் கடைசியில். "ஒண்டுமே எழுதாம விட்டிருந்தாக்கூட எனக்கு விளங்கியிருக்குமே. இண்டைக்கு நிறை இல்ல எண்டு சொல்லியிருந்தீங்களெண்டா, அந்த நிமிசமே ஆஸ்பத்திரியில விடுங்க எண்டு சொல்லியிருப்பன். அவங்க ரத்தம் எடுத்துப் பாத்து, ஒரு கரண்டி ஒரு கரண்டியாக் குடுத்திருப்பாங்க."

அவர் கொப்பியை மூடிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "லைன் அறுந்தாப் பிறகு நானும் திருப்பி எடுத்திருக்கலாம்," என்றார். "எடுக்கல்ல. வாசலில ஒரு வண்டி காயக்காரர் வந்து நிண்டாங்க."

சாப்பாட்டை விட்ட மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவர் அன்றைக்கே தன் பொறுப்பில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இல்லத்து நிர்வாகக் குழு கூடி, பிள்ளைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு என்று அறிக்கை எழுத நினைத்தது. நஸீறா கொழும்புக்குத் தன் கையால் கடிதம் எழுதினாள். இரண்டு பெண்கள் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் கொப்பியை விரித்து, எந்தெந்த எண் பொய் என்று விரல் வைத்துக் காட்டினாள். ஷரிபுதீனைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "ஓம், நான்தான் எழுதச் சொன்ன," என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புள்ளைகளக் காப்பாத்துறன் எண்டுதான் நினைச்ச." ஜூலை முடிவதற்குள் இல்லத்தைப் பூட்டினார்கள். பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்கும் வேறு இல்லங்களுக்கும் பிரிந்தார்கள். ஷரிபுதீன் பயந்தது நடந்தது.

இத்தனையையும் செய்த நஸீறாவுக்கு சாய்ந்தமருதுக்குப் போக மட்டும் கால் வரவில்லை. நோன்பு பிறப்பதற்கு மூன்று நாள் முன்னால்தான் பஸ் ஏறினாள்.

சுனாமி வீட்டுத் திட்டத்தில் நூஹுவின் வீடு மேல் மாடியில் இருந்தது. அவர் அடுப்பில் பருப்பு ஏற்றியிருந்தார். கடலில் மீன் பிடிக்கிற மனிதரின் வீட்டில் மீன் வாசமே இல்லை. நஸீறாவின் பார்வையைக் கண்டு அவரே சொன்னார்.

"மகள் எப்ப வருவா எண்டு அப்ப தெரியாதுதானே. அதால ஒருநாளும் வீட்டுக்குள்ள மீன் கொண்டு வாறல்ல. இப்பவும் அப்பிடித்தான்."

நஸீறா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெசின், கொப்பி, போன், ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்கு வரலாம் என்ற ஆசையில்தான் பிள்ளை தின்றாள் என்பதையும் சொன்னாள். நூஹு அடுப்பை அணைத்தார். சட்டியின் மூடியை எடுத்தார், மறுபடி மூடினார்.

"ஷரிபுதீன் சேர் போன மாசம் வந்த," என்றார். "கால்ல விழப் பாத்தாரு. எல்லாம் தன்ட பிழை எண்டு சொன்ன. உங்கட பேரச் சொல்லல்ல."

"என்ட பிழைதான் காக்கா. நான் சொல்லியிருந்தா இருந்திருப்பா."

நூஹு இல்லை என்று சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே, கீழே, பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மூணு நாளும் என்னத்தத் தின்ட?"

"செவ்வாக்கிழமை சோறும் பருப்பாணமும். பின்னேரம் ரொட்டி. புதன்கிழமை நெய்ச்சோறு."

"விருப்பத்தோடயா?"

நஸீறா யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று வந்தவள். "முதல் நாள் இல்ல, காக்கா. கண்ண மூடிக்கிட்டுத்தான் விழுங்கின. ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். வியாழக்கிழமை வேற மாதிரி. கோப்பைய நீட்டி இன்னும் ஒரு அகப்பை கேட்ட. அண்டைக்குத் தண்ணி வாற சத்தம் ஒண்டும் கேக்கல்ல ராத்தா எண்டும் சொன்ன."

நூஹு கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டார். நஸீறா போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றாள். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் கையை எடுக்காமலேயே கேட்டார்.

"கேட்ட சோறு கிடைச்சதா?"

"ஓம் காக்கா. போட்ட நான்."